தஞ்சைக் கோபுரத்தில் அறுந்த கயிறும் வில்லியம் லாம்டனின் இருபது ஆண்டுகளும்

பெரும்பாக்கம் என்றதும் இன்றைய சென்னைவாசிக்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளும் பக்கத்திலிருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் நினைவுக்கு வரும். எனக்கு 1802ஆம் ஆண்டின் சித்திரை வெயில் நினைவுக்கு வருகிறது. அந்த ஆண்டு ஏப்ரல் 10ஆம் தேதி, பரங்கிமலையை ஒட்டிய சமவெளியில் தொடங்கிப் பெரும்பாக்கம் குன்றுப் பக்கம் வரை ஒரு நேர்கோட்டை அளக்க ஆரம்பித்தார்கள். நீளம் ஏழரை மைல்தான். காலாற நடந்தாலும் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் அளந்து முடிக்கும்போது மே 22 ஆகிவிட்டது. கத்திரி வெயிலில், வெட்டவெளியில், ஆறு வாரம்.

அளந்தவர் மேஜர் வில்லியம் லாம்டன். பிரிட்டிஷ் ராணுவத்தின் 33ஆவது காலாட்படையைச் சேர்ந்தவர். அப்போது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இந்திய உபகண்டத்தின் வரைபடம் மட்டுமன்றி, பூமியின் வடிவத்தைப் பற்றிய கணக்குகளும் அந்த ஏழரை மைல் கோட்டின் மேல்தான் எழுந்தன. எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தை அளந்த கதையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அறிவார்கள். அந்தக் கதைக்குப் பரங்கிமலை அடிவாரத்தில் அடித்தளம் போட்ட மனிதரைப் பற்றி நம் ஊரிலேயே அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாளாக இருக்கும் வருத்தம்.

அந்த ஆறு வாரத்தில் என்ன நடந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். லாம்டனிடம் இருந்தது நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. லண்டனில் கருவி செய்வதில் பெயர்பெற்ற ராம்ஸ்டன் செய்தது. 1793இல் மெக்கார்ட்னி பிரபு தூதராகச் சீனா போனபோது, சக்கரவர்த்திக்குப் பரிசாகக் கொண்டுபோன பொருள்களில் அதுவும் ஒன்று. சீன அரசவை அதை ஏற்கவில்லை. தூதுக்குழுவோடு போயிருந்த டின்விடி என்ற அறிவியலாளர் வழியாக அது கல்கத்தாவுக்கு வந்து, அங்கிருந்து லாம்டன் கைக்கு வந்தது. விண்மீன்களின் கோணத்தை அளக்கும் கருவி ஒன்றும் அதே வழியில்தான் அவருக்குக் கிடைத்தது.

சங்கிலியைத் தரையில் போட்டு இழுத்து அளக்கவில்லை. இருபதடி நீளமுள்ள ஐந்து மரத் தொட்டிகளை வரிசையாக முக்காலிகளின் மேல் வைத்து, திருகுகளால் ஏற்றி இறக்கி மட்டம் பார்த்து, அவற்றுக்குள் சங்கிலியைக் கிடத்தினார்கள். பக்கத்தில் வெப்பமானி வைத்து, ஒவ்வொரு தடவையும் சூட்டைக் குறித்துக்கொண்டார்கள். ஏன் இவ்வளவு பாடு? கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். நூறடி எஃகுச் சங்கிலி, வெப்பம் 20 பாரன்ஹீட் டிகிரி ஏறினால் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு அங்குலம் நீளும். கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஏழரை மைலுக்கு அந்தச் சங்கிலியை நானூறு தடவை வைத்தாக வேண்டும். விடியற்காலைச் சங்கிலிக்கும் உச்சிவேளைச் சங்கிலிக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டால், கடைசியில் ஐந்தடி பிசகிவிடும். அந்த ஐந்தடி அதோடு நிற்காது. அதன் மேல் எழும் முக்கோணங்கள் அனைத்திலும் பரவி, நூற்றுக்கணக்கான மைல் தள்ளிப் போகும்போது பெரும் பிழையாக வளர்ந்து நிற்கும்.

எங்கள் ஊரில் பாகப்பிரிவினைக்குச் சர்வேயர் வந்த நாள் நினைவிருக்கிறது. சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்திருந்தவர் கொஞ்சம் தளர விட்டார் என்பதற்காக அண்ணன் தம்பி இருவரும் ஒரு வருடம் பேசாமல் இருந்தார்கள். ஒரு சாண் நிலத்துக்கே அந்த நிலைமை. லாம்டன் அளக்கப் புறப்பட்டதோ ஒரு தீபகற்பத்தை.

அவர் எப்படி இங்கே வந்து சேர்ந்தார் என்பது நேர்கோடான கதை இல்லை. 1750களின் நடுவில் இங்கிலாந்தின் யார்க்ஷயரில், நார்த்தலர்டன் பக்கத்தில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். கணக்கில் கெட்டிக்காரர் என்பதால் படிப்பு வாய்த்தது. ராணுவத்தில் சேர்ந்து, அமெரிக்க விடுதலைப் போரில் 1781இல் யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை சரணடைந்தபோது கைதிகளில் ஒருவரானார். பிறகு கனடாவின் நியூ பிரன்சுவிக் பகுதியில் படைக் குடியிருப்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஏறத்தாழப் பதின்மூன்று வருடம் அங்கேயே கழிந்தது. பதவி உயரவில்லை, பெயர் வரவில்லை. அந்த ஆண்டுகளில் அவர் செய்தது ஒன்றுதான்: கணிதமும் வானியலும் படித்தது. 1790களின் பிற்பகுதியில் மறுபடியும் தன் படைப்பிரிவோடு சேர்ந்து இந்தியாவுக்கு வந்தார். அந்தப் படைப்பிரிவின் கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த அதே வெல்லிங்டன் பிரபு.

1799இல் திப்பு சுல்தானுக்கு எதிரான போரில் ஜெனரல் பெயர்டின் கீழ் லாம்டன் பணியாற்றினார். ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கிய நாள்களில் ஓர் இரவு, பெயர்டின் படை ஒரு தோப்பைச் சோதித்துவிட்டுத் தன் முகாமுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. லாம்டன் வானத்தைப் பார்த்தார். விண்மீன்கள் இருக்கும் இடத்தை வைத்துப் பார்த்தால் படை தெற்கே போகவில்லை, வடக்கே திப்புவின் படையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஓடிப்போய்ச் சொன்னார். தெற்கு எது என்று விண்மீனைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலையில் தான் இல்லை என்றார் தளபதி. பிறகு சந்தேகம் வந்து, விளக்கேற்றித் திசைகாட்டியைப் பார்த்தபோது விண்மீன்கள் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. படை திரும்பியது. நாற்பது வயதைத் தாண்டியும் யாரும் கவனிக்காத ஒரு மனிதரைக் கவனிக்க வைத்த இரவு அது.

திப்பு வீழ்ந்தபின் மைசூர் நிலத்தை அளக்கும் பொறுப்பு காலின் மெக்கன்சிக்குப் போனது. ஊர், ஏரி, பாதை, எல்லை எல்லாவற்றையும் குறிக்கும் வேலை அது. லாம்டன் கேட்டது வேறு. கோரமண்டல் கரையிலிருந்து மலபார் கரை வரை தீபகற்பத்தின் குறுக்கே முக்கோணங்களைக் கோத்துச் சில நூறு இடங்களைப் பிசகின்றி நிலைநிறுத்துகிறேன். மற்றவர்களின் வரைபடங்களை அந்த ஆணிகளில் மாட்டிக்கொள்ளலாம் என்றார். வெல்லெஸ்லி ஆதரித்தார். மதராஸ் ஆளுநர், ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் ஒப்புதல் கொடுத்தார். ஆனால் லாம்டனின் மனத்தில் இதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

பூமி முழு உருண்டை இல்லை, துருவங்களில் சற்றே தட்டையானது என்பது அப்போதே தெரியும். 1730களில் பிரெஞ்சுக்காரர்கள் பெரு நாட்டுக்கும் லாப்லாந்துக்கும் போய் அளந்து வந்திருந்தார்கள். தட்டையான பூமியில் அட்சரேகையின் ஒரு பாகையின் நீளம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. நிலநடுக்கோட்டருகே ஏறத்தாழ 110.6 கிலோமீட்டர், துருவத்தருகே 111.7. ஒரு கிலோமீட்டர்தான் வித்தியாசம். எவ்வளவு தட்டை என்பதைத் திருத்தமாகச் சொல்ல, பல அட்சங்களில் பாகையின் நீளம் தெரிய வேண்டும். வெப்பமண்டலத்தில், நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், பெருவில் எடுத்ததைத் தவிர நீண்ட அளவை எதுவும் இல்லை. அந்த இடத்தில்தான் தென்னிந்தியா இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேண்டியது வரைபடம். லாம்டனுக்கு வேண்டியது பூமியின் வடிவம். ஒரே முக்கோணத்தில் இரண்டும் அடங்கியதுதான் அவருக்கு வாய்த்த நல்லூழ்.

முறை எளிது. ஒரு பக்கத்தின் நீளம் தெரிய வேண்டும். அதுதான் பரங்கிமலை அடிக்கோடு. அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றைப் பார்த்துக் கோணம் எடுத்தால் மற்ற இரு பக்கங்களும் கணக்கில் வந்துவிடும். அந்தப் பக்கங்களே அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு. இப்படியே குன்றுக்குக் குன்று தாவிக்கொண்டு போகலாம். சங்கிலியை மறுபடியும் எடுக்க வேண்டியதே இல்லை. ஆனால் லாம்டன் எடுத்தார். 1804இல் பெங்களூருக்குப் பக்கத்தில் அவருடைய உதவியாளர் ஜான் வாரன் இன்னொரு அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். சென்னையிலிருந்து ஏறத்தாழ 180 மைல் முக்கோணங்களின் வழியாக வந்த கணக்கும், நேராக அளந்த நீளமும் எவ்வளவு வேறுபட்டன? 3.7 அங்குலம். ஏழு மைலுக்கு மேற்பட்ட கோட்டில் ஒரு கை அகலம்கூட இல்லை.

அந்தக் கணக்கு மேற்குக் கரையை அடைந்தபோது எல்லோரையும் திடுக்கிட வைத்த செய்தி வந்தது. சென்னையிலிருந்து மங்களூர்க் கரை வரை 400 மைல் என்று அதுவரை வரைபடங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. உண்மையில் 360 மைல்தான். நாற்பது மைல் நிலம் தாளில் மட்டும் இருந்திருக்கிறது. முந்தையவர்கள் சோம்பேறிகள் என்று பொருளில்லை. வழி நடந்த தூரத்தையும், வியாழனின் துணைக்கோள்களைப் பார்த்துக் கணித்த தீர்க்கரேகைகளையும் நம்பி வரைந்த படங்கள் அவை. இருந்த வசதியில் அவ்வளவுதான் முடியும்.

இந்த வேலைக்கு எதிர்ப்பும் இருந்தது. இந்தியாவின் வரைபடத்தை வரைந்து புகழ்பெற்ற ஜேம்ஸ் ரென்னல் லண்டனிலிருந்து, இது தேவையில்லாத செலவு என்றார். அரச வானியலாளர் மாஸ்கலைன் லாம்டனின் பக்கம் நின்றார். மதராஸ் நிதிக் குழுவில் ஒருவர், ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டும் என்று பல்லக்குத் தூக்கிகளின் தலைவனிடம் சொன்னால் போதுமே, அவன் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவான், இதற்கு வரைபடம் எதற்கு என்று கேட்டாராம். இந்தக் கேள்வியை நான் அசட்டுத்தனம் என்று ஒதுக்க மாட்டேன். பல்லக்குத் தூக்கிக்கு வழி தெரியும் என்பது முழு உண்மை. ஆற்றில் எந்த மாதம் இறங்கலாம், எந்தச் சத்திரத்தில் தண்ணீர் நன்றாக இருக்கும் என்பது லாம்டனுக்குத் தெரியாது. இரண்டும் வேறு வேறு அறிவு.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பரங்கிமலையில் சங்கிலி வைத்தது 1802 ஏப்ரலில். மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது 1801 அக்டோபரில். இடையில் ஆறு மாதம்கூட இல்லை. கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலேறி மூன்று வருடம் ஆகவில்லை. தஞ்சை 1799இலும் ஆற்காட்டு நவாபின் கர்நாடகச் சீமை 1801இலும் கம்பெனி வசமாகியிருந்தன. லாம்டனின் கொடிக்காரர்கள் பாஞ்சாலங்குறிச்சிச் சீமையைத் தாண்டிப் பாளையங்கோட்டை வரை அச்சமில்லாமல் போக முடிந்ததற்கு அந்தத் தூக்குமரங்களும் ஒரு காரணம். வென்ற நிலத்தைத்தான் அளந்தார்கள். அளந்தது வரிக்கும் படை நடத்துவதற்கும் பயன்பட்டது. லாம்டனின் கணக்கை நேசிப்பவர்கள் இதை மறந்துவிட்டுப் பேசுவது எனக்குச் சம்மதமில்லை. இதைச் சொன்ன பிறகும் அந்தக் கணக்கின் மேல் எனக்கிருக்கும் மதிப்பு குறையவில்லை.

மேற்குக் கரை முடிந்ததும் லாம்டன் தெற்கே திரும்பினார். பெங்களூருக்குப் பக்கத்திலுள்ள தொட்டகுண்டா என்ற இடத்தை மையமாக வைத்து, 78ஆவது தீர்க்கரேகையை ஒட்டிக் கன்னியாகுமரி வரை முக்கோணங்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு அடிக்கோடு, பாளையங்கோட்டைப் பக்கம் இன்னொன்று. கொங்கு நாட்டில் குன்றுகளுக்குப் பஞ்சமில்லை, வேலை ஓடியது. காவிரிக் கரைக்கு வந்தபோதுதான் சிக்கல். கண்ணுக்கெட்டிய தூரம் வயல், வயலைச் சுற்றித் தென்னையும் பனையும். ஏறி நின்று பார்க்க ஒரு மேடு கிடையாது. உயரமாக இருந்தவை கோயில் கோபுரங்கள் மட்டும்தான். ஆகவே கோபுரங்களின் மேல் ஏறினார்கள்.

1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில், கோணம் அளக்கும் தியடோலைட் கருவியைக் கோபுரத்தின் மேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லண்டனில் வில்லியம் கேரி செய்த கருவி அது. கோண அளவு பொறித்த வட்டத்தின் குறுக்களவு மூன்றடி, எடை ஏறத்தாழ அரை டன். இந்தியாவுக்கு வரும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று அதைப் பிடித்து மொரிஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டது. பிரான்சும் பிரிட்டனும் எலியும் பூனையுமாக இருந்த காலம். ஆனாலும் அங்கிருந்த பிரெஞ்சு ஆளுநர், இது அறிவியல் கருவி என்று அறிந்ததும் வாழ்த்துக் கடிதத்தோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார்.

பெட்டியைக் கயிற்றில் கட்டி மேலே இழுக்கும்போது சுவரில் மோதாமல் விலக்கிப் பிடிக்க இன்னொரு கயிறு கட்டுவார்கள். பாரம் ஏற்றும் யாருக்கும் தெரிந்த வேலைதான். அந்த விலக்குக் கயிறு அறுந்தது. பெட்டி ஊசலாடிக் கோபுரச் சுவரில் போய் மோதியது. பெட்டி நொறுங்கியதோடு விடவில்லை. உள்ளே கோண வட்டம் நெளிந்துவிட்டது.

நெளிந்தது என்றால் எவ்வளவு? மூன்றடி வட்டத்தின் விளிம்பில் ஒரு விநாடிக் கோணம் (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு) என்பது ஒரு தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்கு. லாம்டன் வேலை செய்தது அந்த அளவில்தான். முப்பது மைல் தூரத்திலுள்ள குன்றைப் பார்க்கும்போது ஒரு விநாடி பிசகினால் அங்கே ஒரு சாண் தள்ளிப்போகும். தலைமயிர் அளவு கோணல் என்றால் முப்பது விநாடி, அதாவது இருபத்து மூன்றடி. ஆகவே கண்ணால் பார்த்தாலே தெரியும் நெளிவு என்றால், அந்தக் கருவி இனி வெறும் பித்தளைதான். இங்கிலாந்துக்கு எழுதி, இன்னொன்று செய்யச் சொல்லி, கப்பலில் வந்து சேர வருடங்கள் ஆகும். அதுவரை முகாமைக் கலைத்துவிட வேண்டியதுதான் என்று யாரும் நினைத்திருப்பார்கள்.

லாம்டன் கருவியைத் திருச்சிராப்பள்ளிப் படைக்கலச் சாலைக்குக் கொண்டுபோனார். கூடாரத்துக்குள் போய், தலைமைக் கைவினைஞர்கள் தவிர வேறு யாரும் உள்ளே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். வட்டத்தை முழுவதும் கழற்றினார்கள். அகலமான தட்டைப் பலகையில், அந்த வட்டம் எந்த அளவில் இருந்திருக்க வேண்டுமோ அதே அளவில் ஒரு வட்டம் வரைந்து வெட்டினார்கள். நெளிந்த பித்தளை வளையத்தை அதன் மேல் வைத்து ஆப்பு அடித்தும், திருகு முடுக்கியும், கப்பியில் இழுத்தும், மயிரிழை மயிரிழையாக வெளியே இழுத்துப் பலகையின் வட்டத்தோடு பொருத்தினார்கள். வளைந்த ஆரக்கால்களை மரச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார்கள். பித்தளையை அதிகம் இழுத்துவிட்டால் திரும்பாது. குறைவாக இழுத்தால் சரியாகாது. ஆறு வாரம். பரங்கிமலையில் ஏழரை மைலுக்கு எவ்வளவு நாளோ ஏறத்தாழ அவ்வளவு நாள், ஒரு மூன்றடி வட்டத்துக்கு.

அந்தக் கைவினைஞர்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. லாம்டனின் பின்னால் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட்தான் இந்தச் சம்பவத்தை எழுதியிருக்கிறார். அவருடைய விவரிப்பிலும் அவர்கள் வெறும் கைவினைஞர்கள்தான். திருச்சி, தஞ்சைப் பக்கத்துப் பித்தளை வேலைக்காரர்களின் கை அதில் இருந்திருக்குமா என்று நினைத்துப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. குன்றின் உச்சியில் கொடி பிடித்து நாள் கணக்கில் நின்றவர்கள், அரை டன் பெட்டியைத் தோளில் சுமந்து பாறை ஏறியவர்கள், காட்டுக் காய்ச்சலில் விழுந்தவர்கள், இவர்களுக்கும் அதே கதிதான்.

பெயர் கிடைக்கும் உதவியாளர்களில் இருவரைச் சொல்ல வேண்டும். ஜோஷுவா டி பென்னிங் சென்னையில் வளர்ந்தவர். ஐரோப்பியச் சிப்பாய்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதியில் சேர்ந்து, 1794இல் சென்னையில் தொடங்கிய சர்வே பள்ளியில் பயின்றவர். இன்றைய கிண்டிப் பொறியியல் கல்லூரி தன் வேரை அந்தப் பள்ளியில்தான் காண்கிறது. லாம்டனின் கடைசிக் காலம் வரை கூடவே நடந்தவர் அவர். மற்றவர், பெங்களூர் அடிக்கோட்டை அளந்த ஜான் வாரன். பிறப்பால் பிரெஞ்சுக்காரர். பின்னால் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பையும் கவனித்தார். இந்தியப் பஞ்சாங்கக் கணக்குகளைப் பற்றி 1825இல் ஒரு பெரிய நூல் எழுதினார். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர், காகிதமும் எழுதுகோலும் இல்லாமல், தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லி, சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை வாரன் பதிவு செய்திருக்கிறார். கிரகணம் நடந்த நேரத்துக்கும் அவர் சொன்ன நேரத்துக்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசமில்லை. லாம்டனின் முகாமில் பழகிய ஒரு கண்ணுக்குத்தான் அந்தச் சோழிகளில் இருந்த கணக்கு புலப்பட்டிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

இனி லாம்டனின் வாழ்க்கையில் முக்கியமானது என்று நான் கருதும் இடத்துக்கு வருகிறேன். பாகையின் நீளம் தெரிய, தரையில் தூரம் மட்டும் போதாது. இரு முனைகளின் அட்சரேகையும் வேண்டும். அதற்குத் தலைக்கு நேர் மேலே கடக்கும் விண்மீன்களை இரவிரவாகப் பார்த்துக் கோணம் எடுக்க வேண்டும். நேர் மேலே என்பது எது? தூக்குக்குண்டு தொங்கும் திசைக்கு எதிர்த்திசை. கொத்தனார் சுவர் எழுப்பும்போது தொங்கவிடுகிற அதே குண்டுதான். கடலூர் பக்கம் திருவந்திபுரத்தில் தொடங்கிச் சிறிய அளவில் முதலில் பார்த்தார். பிறகு தெற்கும் வடக்கும் நீட்டினார். விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. வடக்கே போகப் போக நீள வேண்டிய பாகை, சில இடங்களில் குறைவது போல் தெரிந்தது. பூமி துருவங்களில் தட்டை என்ற முடிவையே மறுக்கும் கணக்கு.

இந்த இடத்தில் ஒருவர் என்ன செய்யலாம்? உதைக்கும் எண்களைத் தள்ளிவிட்டு, ஒத்துப்போகும் எண்களை மட்டும் அச்சேற்றலாம். அல்லது பூமியின் வடிவத்தைப் பற்றிய கொள்கையே தவறு என்று முழங்கலாம். லாம்டன் இரண்டையும் செய்யவில்லை. மறுபடியும் பார்த்தார். கருவியைச் சோதித்தார். சங்கிலியைச் சோதித்தார். எல்லாம் சரியாக இருந்தபின், தூக்குக்குண்டையே சந்தேகித்தார். தொட்டகுண்டாவின் கீழே, நிலத்துக்குள், கனமான பாறையோ உலோகத் தாதுவோ இருந்து குண்டைத் தன் பக்கம் இழுக்கிறது என்று எழுதினார். இழுப்பு கண்ணுக்குத் தெரியாத அளவு, சில விநாடிகள். ஆனால் ஒரு விநாடி என்பது தரையில் நூறடி.

நேராகத் தொங்குகிறது என்று நாம் நம்பும் குண்டு நேராகத் தொங்கவில்லை. அதன் கோணல் நிலத்தடியில் இருப்பதைச் சொல்கிறது. இதைத்தான் பின்னால் இமயமலை அடிவாரத்தில் எடுத்த அளவைகளை வைத்து 1855இல் ஜான் பிராட் விரிவாக ஆராய்ந்தார். மலைகளின் கீழே பூமியின் மேலோடு எப்படிச் சமநிலையில் நிற்கிறது என்ற புவியியல் கோட்பாடு அந்த ஆராய்ச்சியில் தொடங்குகிறது. லாம்டன் பிழை என்று கண்டு, அதை அழிக்காமல் வைத்த எண்களே அடுத்த தலைமுறைக்குக் கேள்வியாயின. அவர் காலத்தில் அவரைவிட வேகமாகவும் அழகாகவும் வரைபடம் போட்டவர்கள் இருந்தார்கள். கணக்கு உதைக்கும் இடத்தில் இவ்வளவு பொறுமையாக உட்கார்ந்தவர் அவர்தான் என்பது என் எண்ணம்.

1811இல் குத்தி, 1815இல் பீதர் என்று அடிக்கோடுகள் வடக்கே நகர்ந்தன. 1818இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அவருடைய முடிவுகள் வந்தன: வட அட்சம் 8 பாகை 9 கலையிலிருந்து (ஒரு பாகைக்கு அறுபது கலை) 18 பாகை 3 கலை வரை, கிட்டத்தட்ட பத்துப் பாகை நீளமான வளைவு. தரையில் அது ஏறத்தாழ 680 மைல். அதற்கு முந்தைய ஆண்டே அந்தச் சங்கம் அவரை உறுப்பினராக்கியிருந்தது. பிரெஞ்சு அறிவியல் கழகமும் மதிப்பளித்தது. அதுவரை மதராஸ் அரசின் செலவில் நடந்த வேலையை 1818இல் கல்கத்தா அரசு தன் கையில் எடுத்துக்கொண்டு, இந்தியப் பெரும் முக்கோண அளவை என்று பெயர் வைத்தது. முதன்மை உதவியாளராக இளைஞர் எவரெஸ்ட் ஐதராபாத்துக்கு வந்து சேர்ந்தார். அதற்குள் லாம்டன் அளந்து முடித்திருந்த பரப்பு 1,65,000 சதுர மைலுக்கும் மேல்.

எவரெஸ்ட் எளிதில் யாரையும் பாராட்டும் சுபாவம் உள்ளவர் அல்லர். அவர் பார்த்த லாம்டன் தளர்ந்த முதியவர். ஆனால் தியடோலைட்டைச் சரிசெய்ய எழுந்து நின்றால் கந்தலை உதறி எழுந்த கிரேக்கக் காவிய நாயகன் யுலிசஸ் போல ஆகிவிடுவார், கண்ணில் ஒளி வந்துவிடும் என்று எவரெஸ்ட் எழுதியிருக்கிறார்.

1822இல் பீராரில் டாகல்கேடா என்ற இடத்தில் கடைசி அடிக்கோடு. 1823 ஜனவரியில் நாக்பூரை நோக்கி முகாம் நகர்ந்துகொண்டிருந்தது. வார்தா பக்கத்தில் ஹிங்கன்காட் என்ற ஊரில் லாம்டன் இறந்தார். வயது எழுபதை ஒட்டி இருக்கும். அங்கேயே புதைத்தார்கள். இருபது வருடத்துக்கு மேல் அவரோடு நடந்த சென்னைக்காரர்கள் அந்த முகாமில் இருந்தார்கள். அவர்களுக்கு ஊர் என்பது எண்ணூறு கிலோமீட்டர் தெற்கே. திருச்சியில் ஆப்பு அடித்து நிமிர்த்திய வட்டத்தோடு, அதே கேரி தியடோலைட்டை எடுத்துக்கொண்டு எவரெஸ்ட் வடக்கே புறப்பட்டார்.